இணைப்பைத் துண்டிக்கும் முன்: மேகச் சேமிப்பின் வரலாறு தரும் பாடம்



நம் பாட்டனார் காலத்தில் ஒரு குடும்பத்தின் முக்கியமான ஆவணங்கள் எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடங்கின. வீட்டுப் பத்திரம், நிக்காஹ் ஒப்பந்தத்தின் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு, நான்கைந்து கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் ஆகியவை அங்கே இருந்தன. சாவி யாரிடம் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்று அதே ஆவணங்கள் ஒளிப்படங்களாகவும் கோப்புகளாகவும் மாறி, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், ஐகிளவுட் போன்ற மேகச் சேமிப்புக் கணக்குகளுக்குள் குடியேறிவிட்டன. மறைந்துபோன பெரியவர்களின் குரல் பதிவுகள்கூட அங்கேதான் இருக்கின்றன. வீட்டுக் கணினி அந்தக் கணக்கோடு கட்டப்பட்ட ஒரு வாசலாக ஆகிவிட்டது.

அந்தக் கணினியை விற்க நேரிடுகிறது. அல்லது கல்லூரியில் சேரும் உறவுக்காரப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அல்லது இலவச இடம் நிரம்பிவிட்டதால் கணக்கையே கைவிட எண்ணுகிறோம். அப்போது கணினிக்கும் கணக்கிற்கும் இடையிலான இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்த பின் கோப்புகள் யாரிடம் இருக்கும்? நம்மிடமா, நிறுவனத்திடமா, இருவரிடமுமா? இந்தக் கேள்விக்கான விடை கடந்த அறுபது ஆண்டுகளில் பல முறை மாறியிருக்கிறது. பழைய விடையை நம்பிப் புதிய கணினியில் செயல்படுவோர்தாம் பெரும்பாலும் இழப்புக்கு ஆளாகின்றனர். ஆகவே இந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

எல்லாம் அவர்களிடமே இருந்த காலம்

1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. அவ்விழாவில் உரையாற்றிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலவே கணிப்பணியும் ஒரு நாள் பொதுச் சேவையாக வழங்கப்படலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டு நவம்பரில், அதே நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான நேரப் பகிர்வு முறை செயல்விளக்கம் செய்து காட்டப்பட்டது. ஒரே பெரிய கணினியைப் பலர், தத்தம் தட்டச்சு முனையங்களில் அமர்ந்து, ஒரே வேளையில் பயன்படுத்தும் முறை அது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்புகள் இருந்ததால் அவற்றைக் காக்கக் கடவுச்சொல்லும் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது.

அந்த முனையம் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. கோப்புகள் முழுவதும் நடுவில் இருந்த பேரியந்திரத்திலேயே இருந்தன. பயனர் எழுந்து போனால் முனையம் வெறும் இரும்பாக நிற்கும். இணைப்பைத் துண்டிப்பதால் அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் துண்டித்த பின் அவர் கையில் எதுவும் மிஞ்சவும் இல்லை.

எல்லாம் நம்மிடமே இருந்த காலம்

1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் கணினி வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்தது. கோப்புகள் நெகிழ்தட்டிலும் வன்தட்டிலும் இருந்தன. தட்டு பழுதானால் கோப்பும் போயிற்று. துண்டிப்பதற்கு இணைப்பே இல்லாத காலம் அது. நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் கணினியைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் பெரும்பாலும் இந்தக் காலத்தில் உருவானதே. திரையில் ஒரு கோப்பின் பெயர் தெரிந்தால் அந்தக் கோப்பு அந்தக் கணினிக்குள் இருக்கிறது என்று நாம் இயல்பாகவே நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கை இப்போது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பின்னர் காண்போம்.

துண்டிப்பை ஒரு கலையாக ஆராய்ந்தவர்கள்

1980களில் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் கணினிகளை வலையமைப்பில் இணைத்தன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் தன் வலைக் கோப்பு முறையை வெளிக்கொணர்ந்தது. பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம், ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து 'ஆண்ட்ரூ' என்னும் திட்டத்தை நடத்தியது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் ஆகிய இருவரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. திறந்த கோப்பின் நகலொன்றைப் பயனரின் கணினியிலும் வைத்துக்கொள்ளுதல் இம்முறையின் சிறப்பு.

ஆயினும் ஒரு குறை இருந்தது. சர்வர் நின்றுபோனால், அல்லது இடையிலுள்ள கம்பி அறுந்தால், அனைவரின் வேலையும் நின்றது. இதற்கு விடை காண 1987இல் அதே பல்கலைக்கழகத்தில் 'கோடா' என்னும் கோப்பு முறையின் பணி தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்றவர். அவரும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் கிஸ்லரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1991ஆம் ஆண்டு மாநாட்டில் அளிக்கப்பட்டு, 1992இல் ஆய்விதழில் வெளியாயிற்று. இணைப்பு அறுந்த நிலையிலும் ஒரு கணினி எவ்வாறு இயங்கலாம் என்பதே அதன் பொருள்.

அவர்கள் வகுத்த முறையில் மூன்று நிலைகள் இருந்தன. இணைப்பு இருக்கும்போதே தேவையான கோப்புகளை உள்ளூரில் சேர்த்து வைத்தல் முதல் நிலை. இணைப்பு அறுந்தபின் அந்தச் சேமிப்பைக் கொண்டே தனித்து இயங்குதல் இரண்டாம் நிலை. இணைப்பு திரும்பியதும் இரு பக்க மாற்றங்களையும் ஒன்று சேர்த்தல் மூன்றாம் நிலை. பிரிந்திருந்த வேளையில் ஒரே கோப்பை இரு பக்கமும் மாற்றியிருந்தால் அதை இயந்திரம் எப்போதும் தானாகத் தீர்க்க இயலாது. உரியவரே பார்த்து முடிவு செய்ய வேண்டும். இன்றும் ஒரே கோப்பின் இரண்டு வடிவங்கள் 'முரண்பட்ட நகல்' என்னும் பெயரோடு நம் கோப்புறையில் தோன்றுவதற்குக் காரணம் இந்தப் பழைய சிக்கலே.

இந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய படிப்பினை எளியது. துண்டிப்புக்கான ஆயத்தம் துண்டிக்கும் முன்பே நடந்திருக்க வேண்டும். மழை இறங்கிய பிறகு விறகு சேர்க்கப் புறப்படுபவர் அன்றைக்கு அடுப்பு மூட்ட மாட்டார்.

ஒரே கோப்புறை, பல கணினிகள்

1996ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மெக்கராஸும் 'ஆர்சிங்க்' என்னும் கருவியை வெளியிட்டனர். ஒரு கோப்பில் மாறிய பகுதியை மட்டும் கண்டறிந்து அனுப்பும் முறை அதில் இருந்தது. 2006ஆம் ஆண்டு மார்ச்சில் அமேசான் நிறுவனம் தன் சேமிப்புச் சேவையை வாடகைக்குத் திறந்தது. இனிப் புதிய நிறுவனம் ஒன்று தன் சொந்தச் சர்வர்களை வாங்கி அடுக்காமலேயே கோடிக்கணக்கான கோப்புகளை வைத்திருக்க முடியும் என்றாயிற்று.

2007இல் ட்ரூ ஹூஸ்டன், அராஷ் ஃபெர்தௌசி என்னும் இரு இளைஞர்கள் டிராப்பாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். பாஸ்டனிலிருந்து நியூயார்க் செல்லும் பேருந்தில் ஏறிய பின், பென் டிரைவை வீட்டிலேயே மறந்துவிட்டதை உணர்ந்ததுதான் தனக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்று ஹூஸ்டன் பலமுறை கூறியிருக்கிறார். 2008 செப்டம்பரில் அச்சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டின் ஸ்கைடிரைவ் 2007இலும், ஆப்பிளின் ஐகிளவுட் 2011 அக்டோபரிலும், கூகுள் டிரைவ் 2012 ஏப்ரலிலும் வந்தன. பிரிட்டனின் ஸ்கை ஒளிபரப்பு நிறுவனத்துடன் எழுந்த பெயர் வழக்கின் காரணமாக ஸ்கைடிரைவ் 2014இல் ஒன்டிரைவ் என்று பெயர் மாறியது.

டிராப்பாக்ஸின் தொடக்ககால அமைப்பு தெளிவானது. கணினியில் ஒரு கோப்புறை இருக்கும். அதில் இட்டவை மேகத்துக்கும், அங்கிருந்து அதே கணக்கில் இணைந்த மற்றக் கணினிகளுக்கும் சென்று சேரும். ஒவ்வொரு கணினியிலும் முழு நகல் இருந்தது. ஆகவே அக்காலத்தில் இணைப்பைத் துண்டித்தால் எவருக்கும் நட்டமில்லை. மேகத்தில் இருப்பது மேகத்திலும், கணினியில் இருப்பது கணினியிலும் அப்படியே நிற்கும். இனி ஒன்றின் மாற்றம் மற்றொன்றைத் தொடாது, அவ்வளவே.

ஆனால் துண்டிக்கும் முன் அழித்தவரின் நிலை வேறு. ஒத்திசைவு என்பது கண்ணாடியைப் போன்றது. சேர்ப்பதையும் காட்டும், அழிப்பதையும் காட்டும். கணினியை விற்கப் போகிறோம் என்று எண்ணி, இணைப்பு உயிரோடு இருக்கும்போதே கோப்புறையைக் காலி செய்தால், அந்தக் கட்டளை மேகத்துக்குச் சென்று, அங்கிருந்து வீட்டிலுள்ள மற்றெல்லாக் கணினிகளுக்கும் பரவும். குப்பைத் தொட்டியில் அவை குறிப்பிட்ட காலமே தங்கும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கிலும், தனிநபர் ஒன்டிரைவிலும், கூகுள் டிரைவிலும் அது பொதுவாக 30 நாள்கள். ஒரு மாதம் கழித்து வாப்பாவின் படத்தைத் தேடும் மகளுக்கு அங்கே எதுவும் கிடைக்காது.

கடவுச்சொல்லை மாற்றினால் போதுமா?

கணினியை ஒருமுறை கணக்கோடு இணைத்தபின் அது ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்பதில்லை. காரணம், முதல் இணைப்பின்போதே நிறுவனம் அந்தக் கணினிக்கென ஓர் இரகசிய அடையாள எண்ணை வழங்கிவிடுகிறது. வீட்டு உரிமையாளர் நம்பிக்கையான ஒருவருக்குத் தனிச்சாவி செய்து கொடுப்பதைப் போன்றது அது.

2011 ஏப்ரலில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் டிராப்பாக்ஸ் தொடர்பான ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். அந்த அடையாள எண் கணினியில் ஒரு சாதாரணக் கோப்பில் இருந்தது. அக்கோப்பை நகலெடுத்து வேறொரு கணினியில் வைத்தால், அந்தக் கணினியும் கணக்குக்குள் நுழைந்துவிட்டது. உரியவர் கடவுச்சொல்லை மாற்றியபோதும் அந்த வாசல் மூடப்படவில்லை. கணக்கின் வலைப்பக்கத்தில் உள்ள சாதனப் பட்டியலுக்குச் சென்று அந்தக் கணினியை நீக்கினால்தான் மூடப்பட்டது. பின்னர் அந்நிறுவனம் தன் முறையைச் சீர்திருத்திக்கொண்டது. எனினும் சாவியும் கடவுச்சொல்லும் வெவ்வேறானவை என்னும் உண்மை இன்றும் பொருந்தும். பழைய கணினி கையை விட்டுப் போனபின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்குவோர் சாதனப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

2019 மார்ச்சில் டிராப்பாக்ஸ், இலவசக் கணக்குகளை மூன்று சாதனங்களோடு வரையறுத்தது. அதுவரை துண்டித்தலைப் பற்றி நினைத்தே பார்க்காத பலர், புதிய கைபேசியைச் சேர்ப்பதற்காகப் பழைய கணினியைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியவர்களாயினர்.

பெயர் இங்கே, பொருள் அங்கே

இப்போது இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பத்துக்கு வருகிறோம். 2010களில் மடிக்கணினிகளில் பழைய வன்தட்டின் இடத்தைத் திடநிலைத் தட்டு பிடித்தது. அது வேகமானது, ஆனால் விலை கூடியது. ஆகவே கணினியின் கொள்ளளவு சுருங்கியது. அதே வேளையில் நிறுவனங்கள் மேகத்தில் ஒரு டெராபைட் வரை இடம் தந்தன. மேகத்தில் உள்ளது முழுவதும் கணினிக்குள் அடங்காது என்ற நிலை உருவாயிற்று.

இதற்குத் தீர்வாகக் கோப்பின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் கணினியில் காட்டி, உள்ளடக்கத்தை மேகத்திலேயே வைக்கும் முறை வந்தது. மைக்ரோசாஃப்ட் 2013இல் விண்டோஸ் 8.1இல் இதைக் கொண்டுவந்து, விண்டோஸ் 10 வந்தபோது கைவிட்டு, 2017 அக்டோபரில் புதிய வடிவில் மீண்டும் தந்தது. டிராப்பாக்ஸ் 2016இல் அறிவித்து 2017இல் வெளியிட்டது. ஆப்பிள் 2016இல் தன் மேக் கணினிகளின் 'டெஸ்க்டாப்', 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறைகளை ஐகிளவுட்டோடு இணைக்கும் வசதியையும், இடம் குறைந்தால் பழைய கோப்புகளை மேகத்தில் மட்டும் வைக்கும் வசதியையும் தந்தது.

வசதி பெரிதுதான். ஆனால் இதனால் துண்டித்தலின் பொருள் தலைகீழாயிற்று. 2008இல் துண்டித்தவரிடம் முழுக் கோப்புறையும் மிஞ்சியது. இன்று துண்டிப்பவரிடம், கீழிறக்கப்பட்ட கோப்புகள் மட்டுமே மிஞ்சும். மேகச் சின்னத்தோடு பெயர் மட்டும் தெரிந்தவற்றின் உள்ளடக்கம் அந்தக் கணினியில் இல்லை. துண்டித்ததோடு நின்றால் அவை மேகத்தில் பத்திரமாகவே இருக்கும். ஆனால் 'எல்லாம் கணினியில் இருக்கிறதே' என்று எண்ணி, துண்டித்த கையோடு கணக்கையும் மூடிவிட்டால், இரு பக்கமும் இழந்தவராவோம். 1981ஆம் ஆண்டின் நம்பிக்கையை இன்றைய கணினியின்மேல் வைப்பதால் வரும் இழப்பு இது.

விண்டோஸ் கணினிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'டெஸ்க்டாப்', 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' ஆகிய கோப்புறைகளை ஒன்டிரைவ் தன் கோப்புறைக்குள் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். இணைப்பைத் துண்டித்ததும் வழக்கமான இடம் வெறிச்சோடித் தோன்றினால் பதற வேண்டாம். ஒன்டிரைவ் என்னும் பெயருள்ள கோப்புறைக்குள் முதலில் தேட வேண்டும்.

நிறுவனமே துண்டித்தபோது

துண்டிப்பு எப்போதும் நம் பக்கத்திலிருந்தே வருவதில்லை. 2012 ஜனவரியில் மெகாஅப்லோட் தளத்தை அமெரிக்க அரசு பதிப்புரிமை வழக்கில் முடக்கியது. தம் சொந்தக் கோப்புகளை அங்கே வைத்திருந்த குற்றமற்ற பயனர்களும் அவற்றை அணுக முடியாமற் போயினர். 2013இல் நிர்வானிக்ஸ் என்னும் சேமிப்பு நிறுவனம் மூடப்பட்டபோது, வாடிக்கையாளர்களுக்கு முதலில் கொடுத்த அவகாசம் இரண்டே வாரங்கள். உபுண்டு ஒன் 2014இல் நின்றது. 2015 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், ஒன்டிரைவின் இலவச இடம் 15 ஜிபியிலிருந்து 5 ஜிபியாகக் குறையும் என அறிவித்தது. 2023 டிசம்பர் 31உடன் அமேசான் டிரைவ் முடிவுக்கு வந்தது. அதே டிசம்பர் முதல், இரண்டாண்டுகள் எவ்வகையிலும் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை உள்ளடக்கத்தோடு நீக்கும் விதியைக் கூகுள் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது.

இந்தக் கடைசி விதி நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய ஒன்று. வீட்டின் பெரியவர் வஃபாத்தானபின் அவருடைய கணக்கை யாரும் திறப்பதில்லை. இரண்டாண்டுகள் ஓசையின்றிக் கடந்துவிடுகின்றன. இதற்கென்றே கூகுள் 2013 முதல் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று உரியவரே முன்கூட்டி எழுதி வைக்கலாம். ஆப்பிள் 2021 டிசம்பரில் இதையொத்த வசதியைத் தந்தது. நியமிக்கப்பட்டவர் தமக்களிக்கப்பட்ட குறியீட்டோடு இறப்புச் சான்றையும் காட்டிக் கணக்கைத் திறக்க முடியும். வஸிய்யத்தை எழுதி வைப்பதில் அக்கறை கொண்ட நாம் இதையும் அதனோடு சேர்த்துக்கொள்வது தகும்.

துண்டிக்கும் ஒழுங்கு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஓர் ஒழுங்கு தானாகவே பிறக்கிறது. முதலில், ஒத்திசைவு முழுமையாக முடிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பாதியில் நிற்கும் கோப்பு மேகத்துக்குச் சென்றிருக்காது. அடுத்து, மேகத்தில் மட்டும் உள்ள கோப்புகளில் நமக்கு வேண்டியவற்றைக் கணினிக்குக் கீழிறக்க வேண்டும். மூன்றாவதாக, அவற்றை ஒத்திசைவுக் கோப்புறைக்கு வெளியே, இயன்றால் தனி வன்தட்டொன்றில், நகலெடுக்க வேண்டும். இடம்பெயர்த்தல் கூடாது, நகலெடுத்தலே வேண்டும், ஏனெனில் இடம்பெயர்த்தால் மேகத்தில் அது அழிப்பாகவே பதியும். நகலெடுத்த கோப்புகளில் சிலவற்றைத் திறந்து பார்த்து, அவை உண்மையிலேயே வந்து சேர்ந்தனவா என்று சோதிக்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகே கணினியிலுள்ள செயலியின் அமைப்புப் பக்கத்தில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். செயலியை வெறுமனே மூடுவதோ, நீக்குவதோ இதற்கு ஈடாகாது. பின்னர் வேறொரு சாதனத்திலிருந்து கணக்கின் சாதனப் பட்டியலைத் திறந்து, அந்தக் கணினி அங்கே இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். கணினி பிறர் கைக்குப் போகிறதென்றால், அதிலுள்ள கோப்புகளை அழிப்பது கடைசி வேலை. முதலில் துண்டிப்பு, பிறகே அழிப்பு. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை மேலே கண்டோம்.

இந்தக் கோப்புகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. மதரஸாவின் கணக்கு, மஹல்லாவின் பதிவேடு, ஜகாத் பெறும் குடும்பங்களின் விவரம், உறவினர் நம்பிக் கொடுத்த ஆவணம் ஆகியவையும் நம் கணினிகளில் இருக்கின்றன. அவை அமானிதங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து செல்ல நேர்ந்த அந்த நெருக்கடியான வேளையிலும், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலீ (ரலி) அவர்களை அங்கேயே விட்டுச் சென்றார்கள் என்று வரலாறு கூறுகிறது. ஊரையே விட்டுப் புறப்படும்போதும் எது யாருடையது என்ற கணக்கு அங்கே தீர்க்கப்பட்டது.

நாம் விட்டுப் பிரிவதோ ஒரு பழைய கணினியைத்தான். அதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் காட்டி, நிதானமாக இதைச் செய்து முடிப்போம். அன்றைய இரும்புப் பெட்டியின் சாவி எங்கே என்று வீட்டார் அனைவரும் அறிந்திருந்ததைப் போல, இதையும் அவர்கள் அறிந்திருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.